தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது

உட்காருங்கள் சார், உட்காருங்கள். பெட்டி என்னுடையதுதான். மடியில் வைத்துக்கொள்கிறேன், கனமில்லை. உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு குல்லா, பொம்மைக்குப் போடுவது போல ஒரு ஜோடி காலுறை, ஒரு மெழுகுவத்தி. நாளைக்குத் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். எங்கள் பக்கத்தில், கோவிலில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிறவன்தான் உடுப்பும் மெழுகுவத்தியும் வாங்கிப்போக வேண்டும். மெழுகுவத்தி மேல் வெயில் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மதுரையைத் தாண்டி வண்டி திரும்பியதும் வெயிலும் கூடவே திரும்பி வந்துவிட்டது, பாருங்கள்.

நீங்கள் எட்டயபுரமா? நான் தூத்துக்குடி. அங்கிருந்து தெற்கே கடலோரமாக இன்னொரு பஸ். என் பேர் சந்தியாகு.

என் கண்ணைப் பார்க்கிறீர்கள். குடியெல்லாம் இல்லை சார். ராத்திரி வேலை. வருஷக்கணக்காகப் பகலில்தான் படுக்கிறேன். படுக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், தூங்குகிறேன் என்று சொல்ல முடியாது. அதனால் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பேசிக்கொண்டே வருவேன். தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

என்ன வேலை என்று கேட்டால் வாட்ச்மேன் என்று சொல்வது வழக்கம். அது பொய்யும் இல்லை. வெளிநாட்டு வங்கி ஒன்றுக்குச் சென்னையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற கம்பெனி. வங்கியின் பேரைச் சொல்லக்கூடாது, விதி. சில நாடுகள் மேல், சில ஆட்கள் மேல், சில கப்பல்கள் மேல் பெரிய நாடுகள் பொருளாதாரத் தடை போட்டிருக்கின்றன, பேப்பரில் படித்திருப்பீர்கள். அவன் எண்ணெயை வாங்காதே, அவனுக்குப் பணம் அனுப்பாதே என்று. மீறி அனுப்பினால் வங்கிக்கு அபராதம், கெட்ட பேர். அதனால் ஒவ்வொரு வங்கியும் ஒரு கருவி வைத்திருக்கிறது. இணையத்திலேயே ஓடுவது. யாரோ யாருக்கோ பணம் அனுப்பினால், அது போய்ச் சேர்வதற்குள் அந்தக் கருவி ஆள், ஊர், விலாசம், கப்பல், எதற்கு அனுப்புகிறான் என்ற குறிப்பு எல்லாவற்றையும் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சந்தேகம் தட்டினால் நிறுத்தி வைத்துவிட்டு, எங்களில் ஒருவர் திரையில் கொண்டுவந்து போடும். நாங்கள் பார்த்து ‘விடு’ என்றோ ‘மேலே அனுப்பு’ என்றோ அழுத்த வேண்டும். அழுத்தினால் மட்டும் போதாது. ஏன் என்று ஒரு பத்தி எழுத வேண்டும்.

அந்தப் பத்தியால்தான் சார் எனக்கு இந்தச் சோறு.

அதற்கு முன்னால் தாலுகா ஆபீஸ் எதிரே டைப்பிங் கடை வைத்திருந்தேன். பட்டா மனு, வாரிசு மனு, காணாமல்போன ஆட்டுக்கு மனு. எனக்கு இங்கிலீஷ் யாரும் சொல்லித் தரவில்லை. வக்கீல்கள் கிறுக்கிக் கொடுத்ததை அடித்து அடித்து வந்தது, கடலை மடித்த பேப்பரைக்கூட விடாமல் படித்து வந்தது. அஞ்சல் வழியில் ஒரு பி.ஏ. கடை படுத்த பிறகு இந்தக் கம்பெனி. உள்ளே எல்லாரும் என் பிள்ளை வயசு, எனக்குப் பிள்ளை இருந்திருந்தால். ‘சாண்டி அங்கிள்’ என்பார்கள். எங்கள் குழுவுக்குத் தலைவி நஸ்ரின் என்று ஒரு பெண். நல்ல பெண். என் நாற்காலிக்கு மூன்று நாற்காலி தள்ளி அவள் நாற்காலி.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாற்காலி.

எங்கள் வேலையில் இரண்டு விதி முக்கியம். ஒன்று, தெரிந்தவர் சம்பந்தப்பட்டது திரையில் வந்தால் கை வைக்கக்கூடாது. இது எனக்கு வேண்டியவங்களோடது என்று சொல்லி அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஒரு பையன் தன் கல்லூரி வாத்தியார் பேரைப் பார்த்துவிட்டுத் தள்ளினான், எல்லாரும் கைதட்டினோம். இன்னொன்று, எதை நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் மூச்சுவிடக்கூடாது. வருஷா வருஷம் இதற்குப் பரீட்சை வைப்பார்கள். நான் எப்போதும் முழு மார்க்.

என் தங்கச்சி மெற்றில்டா. அவள் வீட்டுக்காரன் கஸ்பார், கப்பலில் சமையல்காரன். எண்ணெய்க் கப்பல். சமைப்பதில் அவனுக்கு இருக்கிற கர்வம் கப்பல் ஓட்டுகிற கேப்டனுக்குக்கூட இருக்காது. அங்கே அவனுக்கு அடுப்பு அணைகிற நேரமும், இங்கே எனக்குத் தூக்கம் வராத நேரமும் ஒன்று. வீடியோவில் கூப்பிடுவான். போன வருஷம் ஒரு நாள் கூப்பிட்டு ஒரே சிரிப்பு.

“மச்சான், நேத்து நம்ம பிரியாணிய அடுத்த கப்பல்காரனும் தின்னான்.”

“அடுத்த கப்பல் எங்கடா வந்தது, நடுக்கடல்ல?”

“வந்தான் மச்சான். பக்கத்துல அணைச்சுக் கட்டி, குழா போட்டு, ரெண்டு நாளு எண்ணெய் ஏத்தினான். பேசுன பாஷ ஒரு எழவும் புரியல. ஆனா தட்ட நீட்டிக்கிட்டு ரெண்டாந்தடவ வந்தானுவ. நம்ம கப்பல் எங்க நிக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்குமே ஒரு பொட்டி, அதக் கேப்டன் அணைக்கச் சொல்லிட்டான். போன்கூட எடுக்கக்கூடாதாம். ரெண்டு நாளும் நாங்க கடல்லயே இல்ல மச்சான்!”

சிரித்தான். நானும் சிரித்தேன். வெளியே சொல்லாதே மாப்ள என்றேன். உங்ககிட்டதானே சொல்லுதேன் என்றான்.

கொஞ்ச நாள் கழித்து என் திரையில் ஒன்று வந்து நின்றது. வளைகுடாவில் ஒரு ஊர். அங்கே ஒரு கட்டடம், அதில் பேருக்கு மட்டும் இருக்கிற கம்பெனிகள் ஆயிரம். ஒன்றிரண்டு தடையில் இருப்பவை. அதனால் அந்தக் கட்டட விலாசம் வந்தாலே கருவி நிறுத்திவிடும். எங்கள் ஆபீஸில் அதற்கு ஒரு பழக்கம் இருந்தது. அந்தக் கட்டடம் வந்தால், விடு. ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த பத்தியை எடுத்து ஒட்டு, விடு. டீ ஆறுவதற்குள் பத்து விடலாம். அன்றைக்கு வந்ததும் அப்படித்தான். துறைமுகத்தில் ஒரு கடைக்குப் பணம் போகிறது. குறிப்பில் கப்பலின் பேர் போட்டு, சாமான் என்று இருந்தது. அரிசி, தண்ணீர், காய்கறி.

கஸ்பாருடைய கப்பல்.

தள்ளியிருக்க வேண்டும் சார். ஒரு வார்த்தை. ‘நஸ்ரின், இது என் மாப்பிள்ளை இருக்கிற கப்பல்மா.’ அவ்வளவுதான். இல்லையென்றால் பழக்கப்படி விட்டிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. கப்பல் போகும் வழியைக் கோடு போட்டுக் காட்டுகிற ஒரு இணையதளம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம், இந்த போனிலேயே பார்க்கலாம். திறந்தேன். நீலக் கடலில் பச்சைக் கோடு. வந்துகொண்டே இருந்து, ஒரு இடத்தில் அறுந்து, தள்ளிப் போய் மறுபடி தொடங்கியது. பிரியாணி போட்ட அந்த இரண்டு நாள்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, உங்கள் முகம் கேட்கிறது. தேசப்பற்று இல்லை, அதெல்லாம் வேறு யாருடைய நாடோ. கஸ்பார் மேல் கோபமும் இல்லை. எப்படிச் சொல்வது. எத்தனையோ வருஷம் ‘எதுவும் இல்லை, விடலாம்’ என்று அழகழகாக எழுதியவனுக்கு, முதல்முறையாக எழுத ஒன்று கிடைத்தது. எல்லாரும் கண்ணை மூடி விடுகிற இடத்தில் நான் மட்டும் ஒன்றைப் பார்த்துவிட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் எழுதினேன். நல்ல பத்தி சார் அது. இன்றைக்குப் படித்தாலும் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். ‘மேலே அனுப்பு’ அழுத்தினேன்.

தப்பான கப்பல்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். மேலே போய்த் துருவியதில் எல்லாம் நிஜம். தடை போட்ட நாட்டின் எண்ணெயைத்தான் கடலில் மாற்றியிருக்கிறார்கள். அதனால் என் வேலையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நஸ்ரின் கேக் வாங்கி வெட்டினாள். ‘இந்த மாத நட்சத்திரம்’ என்று என் போட்டோவைக் காப்பி மெஷின் பக்கத்தில் ஒட்டினார்கள். “சாண்டி அங்கிள், இது எப்டி உங்க கண்ல பட்டுச்சு?” என்று எல்லாரும் கேட்டார்கள். “சும்மா, ஒரு உள்ளுணர்வு” என்றேன். இங்கிலீஷில் சொன்னேன்.

எங்கள் வங்கி நிறுத்தியதும் மற்ற வங்கிகளும் நிறுத்தின. முதலாளி என்று ஒரு கம்பெனி இருந்தது, அந்தக் கட்டடத்தில், அதன் கதவைத் தட்டினால் யாரும் இல்லை. கப்பல் கரைக்குக் கண்ணெட்டும் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. கரையில் இறங்க விடமாட்டார்களாம். ஆளில்லாமல் கப்பலை விடக்கூடாது என்று அந்தத் துறைமுகத்தில் சட்டமாம். முதலாளியும் இல்லை, சம்பளமும் இல்லை, சாமானும் இல்லை. நடுவில் சமையல்காரன்.

முதலில் கஸ்பார் அதையும் கிண்டலாகத்தான் சொன்னான். “மச்சான், என் பிரியாணிக்கு அரிசி வரல்ல, எவனோ கண்ணு வெச்சுட்டான்.” அப்புறம் பிரியாணிப் பேச்சு நின்றது. வண்டு விழுந்த அரிசி என்றான். கப்பல் ஓரமாகத் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறோம் என்றான். ஏசி மெஷினில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து அரிசி களைகிறேன் என்றான். பிறகு ஒரு நாள், “மச்சான், நான் ஒளிச்சு வெச்சுத் திங்குதேன்னு ஒருத்தன் என் கரண்டியப் புடுங்கி எறிஞ்சான் மச்சான்” என்றான். எல்லாம் சரியாகும் மாப்ள என்றேன்.

அப்போது மெற்றில்டா முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து. மருந்துக்காரன், மாதா கோவில் நேர்ச்சை எல்லாம் பார்த்து. கர்ப்பம் நிற்குமா நிற்காதா என்று இருக்கிறவள் ராத்திரியெல்லாம் அழுதால் என்ன ஆகும்? எனக்குத்தான் போன் போடுவாள்.

“அண்ணே, நீ ஊருக்கெல்லாம் மனு எழுதுனவன்தானே. எங்களுக்கு ஒன்னு எழுதித் தா.”

எழுதினேன். கப்பல் துறைக்கு எழுதினேன், தூதரகத்துக்கு எழுதினேன், மாலுமிகள் சங்கத்துக்கு எழுதினேன், கலெக்டருக்கு, எம்.பி.க்கு, ஆயருக்கு. ‘அரிசி களையத் தண்ணீர் இல்லாத கடலில்’ என்று ஒரு மனு தொடங்கும். ஆயர் இல்லத்தில் அதைப் படித்துவிட்டு அழுதார்களாம். என் தங்கச்சி பேரில், என் தங்கச்சி சொல்வது போலவே எழுதினேன். ராத்திரி ஆபீஸில் உட்கார்ந்து ஒரு விதமான பத்தி, பகலில் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு விதமான பத்தி. இரண்டுக்கும் ஒரே கை. அந்த நாட்களில் நான் தூங்கவே இல்லை சார். இவ்வளவு செய்தவனைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்ல முடியுமா?

டீயா? வேண்டாம், நீங்கள் குடியுங்கள். அருப்புக்கோட்டை டீ எனக்கு ஆகாது. நான் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீர்களா. எங்கே விட்டேன்? ஆங், மனு.

ஒரு நாள் மெற்றில்டா சொல்கிறாள், “அண்ணே, துட்ட நிறுத்தி வெச்சிருக்க பேங்கு எதுன்னு கேப்டன் சொல்லிட்டாராம். எல்லாத்துக்கும் எழுதுன. அந்த பேங்குக்கே ஒன்னு எழுதேன்” என்று. பேரைச் சொன்னாள். எங்கள் வங்கி. நான் கம்ப்யூட்டரில் ஏதோ பேங்க் வேலை பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், எந்த வங்கிக்கு என்று தெரியாது. எழுத மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுதினேன். இருந்ததிலேயே அதைத்தான் நன்றாக எழுதினேன்.

பதில் வந்தது. அவள் போனுக்குத்தான் வந்தது. இங்கிலீஷ். எனக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள். “வாசிச்சுச் சொல்லுண்ணே, சீக்கிரம்.”

‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. பரிசீலனை முடிந்ததும் தெரிவிக்கப்படும். அதற்கான காரணங்களை வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்.’

அது நான் எழுதியது சார். நான் சேர்ந்த புதிதில், இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பதில் வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். ‘வருந்துகிறோம்’ நான் சேர்த்தது. அது இல்லாமல் மொட்டையாக இருந்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

வாசித்துச் சொன்னேன். தமிழில், மெதுவாக. “எந்தக் கல்நெஞ்சுக்காரன் எழுதினானோ” என்றாள்.

“ஆளு எழுதறது இல்லம்மா. மிஷினு எழுதறது.”

“அதானே பாத்தேன். பெத்த பிள்ள இருக்கவன் இப்படி எழுதுவானா.”

எனக்குப் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. என்னை நினைத்தா சொன்னாள்? இல்லை. ஆனாலும் பாருங்கள், அன்றைக்கு முழுக்க அது காதில் இருந்தது.

இன்னொரு வழியும் இருந்ததுதான். சும்மா சொல்கிறேன், கதை முழுசாக இருக்கட்டுமே என்று. கப்பல் தடையில் இருந்தாலும் அதில் இருக்கிற ஆட்களின் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மருந்துக்கும் தனியாக அனுமதி கேட்கலாம். வங்கியே கேட்கலாம். அதற்கு உள்ளிருந்து ஒருவர் ஒரு பத்தி எழுதி, குழுத் தலைவியிடம் கொடுக்க வேண்டும். மூன்று நாற்காலி தள்ளி. ஆனால் கப்பலில் ஆட்கள் பட்டினி கிடப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் அல்லவா? மாப்பிள்ளை சொன்னான் என்றால், மாப்பிள்ளை இருக்கிற கப்பலில் நீ எப்படிக் கை வைத்தாய் என்பார்கள். வேலை போகும். போட்டோவைக் கிழிப்பார்கள். வேலை போனால் மெற்றில்டாவின் ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்ப்பது? நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உலகத்தில் இருக்கிற எல்லாருக்கும் எழுதினேன் சார். எல்லாருக்கும்.

யார் செய்தது தெரியுமா? நஸ்ரின். அந்த மனு சுற்றிச் சுற்றி அவள் மேஜைக்கே வந்துவிட்டது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

“சாண்டி அங்கிள், இதப் படிங்களேன். நம்ம நிறுத்துனோம்ல, அந்தக் கப்பலோட குக். அவரு வைஃப் எழுதியிருக்காங்க. படிச்சுட்டு எனக்குச் சாப்பாடே எறங்கல.”

நின்றுகொண்டே படித்தேன். நானே எழுதியதை, புதிதாகப் படிப்பது போல. நடுவில் ஒரு கமாவை இடம் மாற்றியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

“கப்பல்ல ஆளுங்க இருப்பாங்கன்னு நமக்குத் தோணவே இல்ல பாருங்க அங்கிள்.”

“ஆமாம்மா. தோணல.”

“செம்மயா எழுதியிருக்காங்க, இல்ல? உங்க ஸ்டைல் மாதிரியே இருக்கு.”

“மனு எழுதறவன் எல்லாம் ஒரே மாதிரிதாம்மா எழுதுவான்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாளா, திரையைப் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. “நான் சாப்பாட்டுக்கு மட்டும் பெர்மிஷன் கேட்டு மேல போடுறேன்” என்றாள். அங்கேயே, என் கண் முன்னால், நாலே வரி. சுமாரான நாலு வரி. இலக்கணம்கூட அவ்வளவு சரியில்லை. அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நாளில் ஒரு படகு அந்தக் கப்பலுக்குப் போனது. அரிசி, தண்ணீர், வெங்காயம். கஸ்பார் வெங்காய மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடியோவில் அழுதான். அதன் பிறகு மாலுமிகள் சங்கம் பேசிப் பேசி வேறு ஆட்களை ஏற்றிவிட்டு இவர்களை இறக்கி ஊருக்கு அனுப்பியது. அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. அவனைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது சார், நீங்கள் முன்னால் பார்த்ததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாதி ஆளாக வந்தான். வந்தவுடனே எனக்குத்தான் போன். “மச்சான், நீங்க எழுதுன மனுதான் என்னக் கொண்டாந்து சேத்துச்சு.” தெருவெல்லாம் அதே பேச்சாம். சந்தியாகு எழுதினான், கப்பலே அசைந்தது என்று.

நான் இல்லை என்று சொல்லலாம் என்றால், வேறு யார் என்று சொல்வது? நஸ்ரின் பேரைச் சொல்லக்கூடாது. விதி.

இப்போது பிள்ளைக்கு என் பேரை வைக்கப் போகிறார்கள். சந்தியாகு. வேண்டாம் என்றேன். கிழட்டுப் பேர், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், நல்லதாகப் புதுசாக ஒன்று வையுங்கள் என்றேன். மெற்றில்டா சண்டைக்கு வந்தாள். “நீ எழுதலன்னா எம் பிள்ளைக்கு அப்பன் முகமே இல்ல, தெரியுமா? சும்மா கெட” என்றாள்.

அதுகூடப் பரவாயில்லை சார். இன்னொரு சங்கடம். ஞானத்தகப்பனாக நிற்கிறவன் அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், செய்த பாவத்தையெல்லாம் தன் காதில் சொல்லிவிட வேண்டும் என்று பங்குச்சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். போகத்தான் வேண்டும். போய் என்ன சொல்வது? கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை, அதெல்லாம் சொல்லிவிடலாம். இது பாவமா என்பதே எனக்குத் தெளிவில்லை. கடத்தல் கப்பலை நிறுத்தினேன், அதற்குப் பரிசு கொடுத்தார்கள். அது மட்டுமில்லை, எங்கள் விதியில் மூன்றாம் நபரிடம் வெளியிடக்கூடாது என்று இருக்கிறது. சாமியார் மூன்றாம் நபரா என்று அந்த விதியை எடுத்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். சாமியாருக்கு என்று தனியாக விலக்கு ஒன்றும் போடவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்லலாமா என்கிறீர்களா? நீங்கள் எட்டயபுரத்தில் இறங்கிவிடுவீர்களே சார்.

ஒரு நிமிஷம். அவன்தான். ஸ்பீக்கரில் போட்டால்தான் இந்த போனில் கேட்கும், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

“சொல்லு மாப்ள.”

“மச்சான், எங்க வாறிய? வஞ்சிர மீனு எடுத்து வெச்சிருக்கேன். நீங்க வந்தாத்தான் அடுப்புல வைப்பேன்.”

“அருப்புக்கோட்ட தாண்டியாச்சு. மதியத்துக்குள்ள வந்துருவேன். பிள்ள எப்படி இருக்கான்?”

“உங்கள மாதிரியே ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கான். மச்சான், இன்னொரு விசயம். ஏஜென்ட்டு கூப்பிட்டான். வேற கப்பலு. சம்பளம் முன்னவிட கூட. அடுத்த வாரமே ஏறச் சொல்லுதான்.”

“இப்பத்தானே வந்த மாப்ள. ஒடம்பத் தேத்த வேண்டாமா?”

“ஒடம்பு கெடக்கு. கடன வாங்கித்தானே இத்தன நாளும் ஓட்டிருக்கா ஒங்க தங்கச்சி. கம்பெனி நல்லதா கெட்டதா, அதத்தான் கேக்கணும். நம்ம ஊர்ல உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும். நீங்க சரின்னா ஏறுதேன், வேண்டாம்னா விட்டுருதேன். கப்பல் பேர அனுப்புதேன், பாத்துச் சொல்லுங்க.”

“அனுப்பு. பாக்கேன்.”

அனுப்பிவிட்டான். பாருங்கள், வந்துவிட்டது.

பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். பார்க்காதவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவன் நிம்மதியாக, நல்ல கப்பல் மாப்ள, போய் வா என்று சொல்லலாம்.

இதோ. இதுதான் நான் சொன்ன தளம். நீங்களே பாருங்கள். இந்தப் பச்சைக் கோடுதான் கப்பல் வந்த வழி. வருகிறது, வருகிறது, இங்கே பாருங்கள். இங்கே இல்லை. அப்புறம் இவ்வளவு தள்ளி மறுபடி தொடங்குகிறது. இன்னொரு மாசத்துக்குப் போனால், அங்கேயும் அறுந்திருக்கிறது. முதலாளியின் விலாசம்? அதே கட்டடம். வேறு மாடி.

எங்கள் வங்கியில்தான் இந்தக் கப்பலுக்கும் பணம் ஓடுகிறதா என்று தெரியாது. ஓடினால் ஒரு நாள் யாருடைய திரையிலாவது வரும். பழக்கப்படி விட்டுவிடுவார்கள். இல்லை, அங்கே என்னை மாதிரி ஒருவன் உட்கார்ந்திருந்தால் விட மாட்டான். அவனும் நன்றாக எழுதுகிறவனாக இருந்தால் முடிந்தது.

வேண்டாம் ஏறாதே என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பான். கோடு அறுந்திருக்கிறது என்றால், ‘ஓ, இதப் போன்லயே பாக்கலாமா மச்சான், எங்க பழைய கப்பலுக்கும் பாத்தியளா?’ என்பான். அவன் முட்டாள் இல்லை சார். சமையல்காரன். ஒரு துளி உப்பு கூடினாலும் எந்தக் கையில் கூடியது என்று சொல்லிவிடுவான்.

மறுபடி அடிக்கிறது. மெற்றில்டா.

“சொல்லும்மா.”

“என்னண்ணே, பாத்தியா? ஏஜென்ட்டு வாசல்லயே நிக்காத கொறயா போன் போடுதான். இன்னைக்கே பதில் சொல்லணுமாம். ஏறலாமா, வேண்டாமா?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்மா. பாத்து முடிச்சதும் சொல்லுதேன்.”

“இதுல பாத்து முடிக்க என்ன கெடக்கு? நல்ல கப்பலா, கெட்ட கப்பலா?”

“அதெல்லாம் இப்பச் சொல்ல முடியாதும்மா. நீ வருத்தப்படாத.”

“அட, போண்ணே!” சிரிக்கிறாள், கேட்கிறதா உங்களுக்கு? “நீ என்ன, அந்த பேங்க்காரன் மாதிரியே பேசுத! ஏங்க, அண்ணன் பேசுனதக் கேட்டியளா? சரி சரி, வெயில்ல அலையாம வா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வாறோம்.”

வைத்துவிட்டாள்.

சும்மா சிரித்தாள் சார். அவள் எப்போதுமே அப்படித்தான், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். கூட இருந்து அவனும் சிரித்தானே, கேட்டீர்களா? இல்லை, அவன் சத்தம் கேட்கவில்லை. ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அவன் சிரித்த மாதிரி உங்களுக்குக் கேட்டதா?

எழுந்துவிட்டீர்களே. எட்டயபுரம் இன்னும் வரவில்லை சார், அது விலக்கு ரோடு. உட்காருங்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த ஜன்னல் கதவை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், உங்கள் கைக்கு எட்டும். பெட்டிக்குள்ளேயே மெழுகுவத்தி வளைந்துவிட்டது, பாருங்கள். நாளைக்கு இதைத்தான் நான் நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.